காட்டிக்கொடுத்த ஊர்

புதுக்கோட்டைக்காரன் என்று சொன்னதும் எதிரிலிருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். 'கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்த ஊராச்சே!' தோழர்களும் இதற்கு விலக்கல்ல. நானும் சிரித்து வைப்பேன். இப்போது அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. 1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் புதுக்கோட்டைச் சீமையின் காட்டில் ஒளிந்திருந்த கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள்தான். அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கு. கேள்வி வேறு: இதைத் 'துரோகம்' என்று சொல்லும்போது நாம் எதைப் பேசாமல் விடுகிறோம்?

துரோகம் என்றால் அதற்கு முன்பே ஒரு 'நாம்' இருந்திருக்க வேண்டும். தொண்டைமான்களோ 1750களின் கர்நாடகப் போர்களிலிருந்தே கும்பினியின் கூட்டாளிகள். தம் கணக்கில் அவர்கள் விசுவாசிகள். பாளையக்காரர்களுக்கும் தத்தம் எல்லை, தத்தம் பகை என்றுதான் இருந்தது. அந்த 'நாம்' அப்போதுதான் உருவாகத் தொடங்கியது. 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிக்கை அதற்கான முயற்சி. எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் அது ஒருசேர அழைக்கிறது. வெள்ளையரிடம் சேவகம் செய்யும் சிப்பாய்களையும் சுபேதார்களையும் நோக்கிப் பேசுகிறது. அதாவது, அதன் பார்வையில் சிக்கல் ஒரு கயவன் அல்ல. கூலிக்கும் பதவிக்கும் அந்நிய அதிகாரத்தைத் தாங்கி நிற்கும் பல்லாயிரம் கைகள்.

நம் வெகுசனக் கதையாடல் இதைத் தலைகீழாக்கியது. 1959இல் வந்த திரைப்படத்துக்குப் பின் எட்டப்பன் என்ற பெயரே வசையாக நிலைத்துவிட்டது. ஒரு வில்லன் கிடைத்துவிட்டால் போதும், மற்ற கைகளெல்லாம் சுத்தம். இன்று சாதிச் சங்கங்கள் வீரர்களை ஆளுக்கொருவராகப் பங்குபோட்டுக்கொள்ள, துரோகி மட்டும் எப்போதும் அடுத்த சாதிக்காரனாக, அடுத்த ஊர்க்காரனாக இருக்கிறான். மருது எழுதிய 'நாம்' மறுபடியும் பாளையம் பாளையமாக உடைகிறது.

தொண்டைமானுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். வெகுநாளாக உரிமை கோரிவந்த கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த சீமையும் 1803இல் அவருக்குக் கிடைத்தன. ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் என்பது நிபந்தனை. அதைக் கும்பினி வாங்கியதே இல்லை. 1836இல் முறைப்படி தள்ளுபடியும் செய்துவிட்டது. அதிகாரம் தன் கூட்டாளியை இப்படித்தான் கவனித்துக்கொள்ளும்.

அந்தக் கோட்டை இன்றும் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அடுத்தமுறை யாராவது சிரித்தால் அங்கே கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். போகிற வழியில் கேட்க ஒரு கேள்வியும் உண்டு: 'உங்க ஊரில் கும்பினிக்கு யாரெல்லாம் வேலை பார்த்தாங்க?'