மூளைப் படமும் முன்னறி கூற்றும்

கடுகண்ணாவைப் பாறையைத் துளைப்பவர்க்கன்றிக் கண்டி இராச்சியம் மாற்றார் கைப்படாது என்றொரு முன்மொழி பண்டு வழங்கியதாகக் கூறுவர். ஆயின், இராச்சியம் வீழ்ந்தது 1815இல். பாறையைத் துளைத்து வீதி சமைத்ததோ 1820களில். நிகழ்ந்து முடிந்ததனோடு பொருத்தப்பெறுங் கூற்றும் முன்னறிவு எனப் பெயர் பெறுதற்கு இக்கதை நல்லதோர் எடுத்துக்காட்டு. அறிவியலிலும் அச்சொல் மயக்கந் தருதல் உண்டு. மூளைப் படத்தைக் கொண்டு ஒருவர்தம் அறிவாற்றலை முன்னறியலாம் என்னுங் கொள்கை அத்தகையது.

எமிலி ஃபின் முதலிய யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையிற் பெரிதும் பேசப்பட்டது. காந்தக் கருவியால் எடுத்த 126 பேரின் மூளைப் படங்களை அவர் ஆராய்ந்தனர். மூளையின் பகுதிகள் தம்முள் இணைந்து இயங்குங் கோலம் கைரேகைபோல் ஆளுக்காள் வேறுபடுதலைக் காட்டினர். இது போற்றத்தக்க பேறே. பின்னர், ஒருவரை விலக்கி, ஏனையோரிடங் கண்ட தொடர்பைக் கொண்டு அவர்தம் நுண்ணறிவுப் புள்ளியைக் கணித்தனர். கணித்த புள்ளிக்கும் பெற்ற புள்ளிக்கும் இடைப்பட்ட இணைபுக் குணகம் ஏறத்தாழ 0.5 ஆயிற்று.

ஈண்டு நோக்கத்தக்கன மூன்று. முதலாவது, கணிக்கப்பட்ட புள்ளி அவர் முன்னரே பெற்ற புள்ளி. எதிர்காலம் பற்றிய செய்தி அதில் இல்லை. இரண்டாவது, 0.5இன் வர்க்கம் 0.25. எனவே, மாந்தரிடைக் காணும் வேறுபாட்டிற் காற்பங்கே விளக்கம் பெறுகின்றது, முக்காற்பங்கு எஞ்சுகின்றது. அக்காற்பங்கும் சிறு குழுவிற் கண்டதே. ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, இத்தகைய தொடர்புகளை உறுதிசெய்ய ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என நிறுவியது. மூன்றாவது, அவ்வாண்டே யேல் அறிஞர் வெளியிட்ட பிறிதோர் ஆய்வு, குடும்பநிலை, கல்வி முதலியவற்றால் எதிர்பார்க்கப்படும் வார்ப்புக்கு மாறானவரிடத்து இக்கணிப்புத் தவறுதலைக் காட்டிற்று. வறுமையிற் பிறந்தும் சிறந்து விளங்குபவனையே கருவி தவறவிடுகின்றது என்க.

இக்குறை மலைநாட்டார்க்குப் புறம்பானதன்று. இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களிற்றான். அவ்விடைக்காலத்துத் தோட்டச் சிறார்க்கு இத்தகைய கருவியொன்று வாய்த்திருப்பின், அவர்தங் குறைந்த புள்ளி மூளையின் குறையாகவே எழுதப்பட்டிருக்கும். கிட்டாத ஆசிரியரும் நூலும் அப்படத்தில் தோன்றியிரா. இன்று ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் ஒரு நாட்பொழுது பெற்ற புள்ளியே குழந்தையின் எல்லையெனக் கருதுவோர் பலர். அவ்வெண்ணத்துக்கு மூளைப் படமுந் துணைநிற்குமாயின், தீர்ப்பு மேலும் இறுகும்.

மூளையின் இயல்பை அறிதற்கு இவ்வாய்வு பெரிதும் பயன்படும். மாணவரைத் தரம்பிரித்தற்கு ஆகாது. படம் காட்டுவது எடுத்த நாளின் நிலை. கற்பித்தல் அதற்குப் பின்னர் நிகழ்வது.