உயர் இரத்த அழுத்தமும் துணைநொதி கியூ10 சோதனைகளும்: ஒரு திறனாய்வு

துணைநொதி கியூ10 என்பது மனித உடல் தானே உருவாக்கிக்கொள்ளும், கொழுப்பில் கரையும் ஒரு சேர்மம் ஆகும். உயிரணுக்களின் இழைமணிகளில் எதிர்மின்னிகளைக் கடத்தி, உணவிலிருந்து ஆற்றல் கிடைக்க இது உதவுகிறது. 1957இல் அமெரிக்காவில் பிரெடரிக் கிரேன் மாட்டின் இதயத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இது இரத்த நாளங்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பில் குளிகையாக உட்கொள்ளச் செய்து பல சோதனைகள் நடத்தப்பட்டன.

இந்தியச் சோதனை

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் நடந்த சோதனையின் முடிவு 1999இல் வெளியானது. இரத்த அழுத்த மருந்து உட்கொண்டுவந்த 59 இதய நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு நாளைக்கு இருமுறை 60 மில்லிகிராம் கியூ10, மறு பிரிவினருக்கு பி வைட்டமின்கள் என 8 வாரங்கள் தரப்பட்டன. கியூ10 பெற்றவர்களுக்கு அழுத்தம் கூடுதலாகக் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மருந்தோடு சேர்த்துத் தந்தபோது கண்ட பலன், மருந்தை நிறுத்திவிட்டுத் தந்தாலும் கிடைக்கும் என்பதற்கு இது சான்றாகாது.

மாறிய மதிப்பீடு

காக்ரேன் அமைப்பின் 2009ஆம் ஆண்டு மீளாய்வு, 96 பேர் பங்கேற்ற 3 சோதனைகளைத் தொகுத்து, மேல் அழுத்தம் 11, கீழ் அழுத்தம் 7 மி.மீ. பாதரசம் குறைந்ததாகக் கணக்கிட்டது. சில சோதனைகளின் நம்பகத்தன்மை குறித்து அப்போதே எச்சரித்தது. 2016ஆம் ஆண்டு மீளாய்வில், 50 பேர் பங்கேற்ற இரண்டு சோதனைகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. குறைவு சுமார் 4, 2 மி.மீ. எனச் சுருங்கியது. அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவே. 50 பேரைக் கொண்டு பலனே இல்லை என்றும் அறுதியிட இயலாது. பலன் உண்டு என்பது நிறுவப்படவில்லை என்பதே சரியான முடிவு.

மதுரை வட்டாரத்தில்

மேலூர், உசிலம்பட்டி வட்டாரக் கிராமங்களில் இரத்த அழுத்த மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகத்து முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அவற்றை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அத்தகைய மாத்திரைகளுள் ஒன்றான அம்லோடிபின், 2002இல் முடிவு வெளியான ஒரே அமெரிக்கச் சோதனையில் வேறு இரு மருந்துகளோடு 33,357 பேரிடம் ஒப்பிடப்பட்டது. கியூ10 இந்தியாவில் உணவுச் சேர்க்கையாக விற்கப்படும்போது, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகம் அதன் உறையில் இடம்பெற வேண்டும். இதை நம்பி மாத்திரையை நிறுத்துபவருக்குப் பணத்தைவிடப் பெரிய இழப்பு பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வரக்கூடும்.