சுவாரஸ்யமாம், ஆனால் எது?

2025 ஆகஸ்டில் பிரிட்டனில் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் முடிவுகள் வந்தபோது மொழி ஆசிரியர்கள் கொண்டாட ஒரு செய்தி கிடைத்தது. ஸ்பானிஷ் எழுதிய மாணவர்களின் எண்ணிக்கை முதன்முறையாகப் பிரெஞ்சை முந்தியிருந்தது. அடுத்த கட்டமான ஏ லெவலில் 2019இலேயே இது நடந்துவிட்டது. காரணங்களும் வரிசையாக வந்தன: எழுத்தைப் பார்த்தபடியே வாசிக்கலாம், கோடை விடுமுறைக்குப் பாதி நாடு ஸ்பெயினுக்குத்தான் போகிறது, கால்பந்து இருக்கிறது, தொலைக்காட்சித் தொடர்கள் இருக்கின்றன. இவற்றோடு ஒரு வகுப்பறைப் பெருமையும் தவறாமல் சேர்ந்துகொள்கிறது. பதினோரு வயதுப் பிள்ளை முதல் ஆண்டிலேயே தன் பள்ளிப் பாடங்களைப் பற்றி ஸ்பானிஷில் பேசிவிடுகிறது என்கிறார்கள். வளர்ச்சிக் கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. இந்தப் பெருமையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாடங்களைப் பற்றிப் பேசுவது என்று இவர்கள் சொல்வது என்னவென்று பாடநூலில் பள்ளி பற்றிய அலகைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். முதலில் பாடப் பெயர்களின் பட்டியல். பிறகு பிடிக்கும், பிடிக்காது. அப்புறம் ‘ஏனென்றால்’. அதன் பின்னால் மாட்டிவிட அரை டஜன் பெயரடைகள். மே குஸ்தா லா இஸ்தோரியா போர்கே எஸ் இந்தெரெசான்தே: எனக்கு வரலாறு பிடிக்கும், ஏனென்றால் அது சுவாரஸ்யமானது. நோ மே குஸ்தான் லாஸ் மாத்தெமாதிகாஸ் போர்கே சோன் அபுர்ரீதாஸ்: எனக்குக் கணக்குப் பிடிக்காது, ஏனென்றால் அது சலிப்பூட்டுவது. இதன் அளவு கூடலாம், குறையலாம். சாரம் இவ்வளவுதான்.

இலக்கணம் சொல்லித்தர இதைவிட வசதியான இடம் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பானிஷில் வரலாறு ஒருமை, அறிவியல் பன்மை. எனவே குஸ்தா, குஸ்தான் வேறுபாடு தானாகவே வந்துவிடுகிறது. பிடித்த பொருள் எழுவாயாகவும் பிடித்தவர் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையிலும் நிற்கும் அமைப்பு ஆங்கிலப் பிள்ளைக்குத் தலைகீழாகத் தெரியும். (லண்டனில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இதில் விளக்கவே எதுவுமில்லை.) பெயரடை பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவது, கிழமைகள், மணி சொல்வது எல்லாம் ஒரே மூச்சில் முடிகின்றன. ஜான்ஃபிராங்கோ கோன்டியும் டிலன் வினியாலெஸும் பரப்பிய வாக்கிய அட்டவணை முறை இன்று பல பள்ளிகளில் நடக்கிறது. பத்தி பத்தியாகப் பிரித்த சொற்றொடர்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தால் வாக்கியம் தயார். வாயே திறக்காத பிள்ளையும் இதில் வாய் திறக்கிறது. சரி, மெச்சுவோம்.

திறந்த வாய் என்ன சொல்கிறது என்று கேட்டால்தான் சிக்கல். வரலாறு சுவாரஸ்யமானது என்று சொன்ன பிள்ளை வரலாற்றைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பிடித்ததற்குக் காரணமும் சொல்லவில்லை; பிடிக்கும் என்பதையே வேறு சொல்லால் இன்னொரு முறை சொல்லியிருக்கிறது. நடுவில் ‘ஏனென்றால்’ நிற்பதால் அது காரணம்போலத் தோற்றம் காட்டுகிறது. வரலாற்றின் இடத்தில் புவியியலை வையுங்கள், இசையை வையுங்கள், நாளை புதிதாக எதையாவது பாடத்திட்டத்தில் சேர்த்து அதையும் வையுங்கள். வாக்கியம் அசையாமல் நிற்கும். எதை வைத்தாலும் பொருந்தும் வாக்கியத்தில் எந்தப் பாடமும் இருக்க முடியாது.

இதில் ஆசிரியர்களைவிடத் தேர்வின் கைதான் பெரிது. கருத்துச் சொல்ல வேண்டும், அதற்கு விளக்கமும் தர வேண்டும் என்று மதிப்பெண் அளவுகோலே எதிர்பார்க்கிறது. எதிர்பார்ப்பு நியாயமானது. ஆனால் விளக்கம் உண்மையிலேயே விளக்குகிறதா என்று அளவுகோல் தோண்டிப் பார்ப்பதில்லை. ‘ஏனென்றால்’ வந்ததா, பெயரடை ஒத்துப்போனதா, போதும். அதனால் பதினோரு வயதில் கற்ற அதே அலகு பதினாறு வயதுத் தேர்வுக்கு நகை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. ‘பிடிக்கும்’ என்பது ‘எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால்’ என்று நீள்கிறது. ‘குவாந்தோ சேயா மயோர்’, அதாவது ‘நான் பெரியவன் ஆகும்போது’ என்ற தொடரை எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒளிந்திருக்கும் கடினமான வினைவடிவம் தேர்வாளரின் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஐந்து ஆண்டுகளில் சொற்றொடர் வளர்ந்திருக்கிறது. அறிவியல் அப்போதும் பயனுள்ளதாகவே இருந்தது, இப்போதும் பயனுள்ளதாகவே இருக்கிறது.

2018 முதல் நடந்த பழைய வடிவத் தேர்வில் உரையாடலுக்கான கருப்பொருள்களில் ஒன்றை மாணவரே தேர்ந்துகொள்ளலாம். பள்ளியைப் பற்றிய பதில்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தேவையில்லை. தென்னைமரக் கட்டுரையை மட்டும் படித்துப் போய், பசுவைப் பற்றி எழுதச் சொன்னதும் அந்தப் பசுவை ஒரு தென்னைமரத்தில் கட்டிவிட்டு மரத்தைப் பற்றி எழுதிய பையனின் கதை நமக்குத் தெரியும். அவன் கையிலாவது ஒரு மரம் இருந்தது.

இதற்கு ஒரு தற்காப்பு எப்போதும் வருகிறது. தொடக்கநிலைப் பிள்ளைக்கு இவ்வளவுதான் முடியும். பாடத்தின் உள்ளடக்கத்தைப் பேச வேண்டுமானால் கலைச்சொற்கள் வேண்டும், அவை கடினம், அவை பின்னால் வரட்டும் என்பது அது. பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டப்படும் இந்த வாதம் அடிப்படையிலேயே தவறு. ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு ஸ்பானிஷில் மிக எளிதான சொற்கள் பாடப் புத்தகச் சொற்கள்தாம். திரியாங்குலோ, வோல்கான், ஃபோதோசின்தெசிஸ், ரெவொலுசியோன், ரெபூப்லிகா. இரண்டு மொழிகளும் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்ட பொதுச் சொத்து இவை. ஒருமுறை கேட்டால் போதும், பிள்ளைக்கு விளங்கிவிடும். ‘சலிப்பூட்டுவது’ என்பதற்கான அபுர்ரீதோவுக்கோ ஆங்கிலத்தில் பிள்ளை அடையாளம் காணக்கூடிய உறவுக்காரர் யாரும் கிடையாது. அதைத்தான் பாடுபட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். கடினமானதை முதலில் கொடுத்துவிட்டு, எளிதானதைக் கடினம் என்று பூட்டி வைத்திருக்கிறோம்.

இலக்கணமும் தடையில்லை. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்று சொல்ல வேண்டிய, உடைமையைக் குறிக்கும் வினையை முதல் மாதங்களிலேயே கற்றாகிவிட்டது, தியெனே அதன் ஒரு வடிவம்தான், எண்களும் தெரியும். உன் திரியாங்குலோ தியெனே த்ரெஸ் லாதோஸ்: முக்கோணத்துக்கு மூன்று பக்கங்கள். கேட்டதும் விளங்கும் திரியாங்குலோவை விட்டால் இதில் புதிய சொல் லாதோஸ் ஒன்றுதான். உணவு அலகில் நீர் வந்திருக்கும், எண்கள் நூறு வரை வந்திருக்கும். நீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று சொல்லக் கொதிப்பதற்கான வினையும் டிகிரிக்கான சொல்லும் மட்டும் கூடுதலாக வேண்டும். வரலாற்றுக்கு இறந்தகாலம் வேண்டுமே என்பார்கள். நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்வது ஸ்பானிஷில் இயல்பான வழக்கு. 1492இல் கொலோன் (கொலம்பஸ்) அமெரிக்காவை அடைகிறார் என்று ஸ்பானிஷ் பாடநூலே எழுதும். அதே ஆண்டில் ஸ்பெயினின் முஸ்லிம் அரசான கிரனாதா வீழ்கிறது என்றும் ஒரு வரி சேர்த்தால், வரலாறு ஏன் சுவாரஸ்யமானது என்பதற்கு ஒரு துவக்கமாவது கிடைக்கும். வாய்ப்பாட்டை ஸ்பானிஷில் ராகம் போட்டுச் சொல்லும் பிள்ளை, கணக்குச் சலிப்பு என்று சொல்லும் பிள்ளையைவிடக் கணக்கைப் பற்றிக் கூடுதலாகப் பேசியிருக்கிறது. ஸ்பானிஷ் எண்களை நாம் கடிகாரம் பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறோம்.

இதெல்லாம் ஏட்டளவில் முடியும், வகுப்பில் நடக்காது என்பவர்கள் மயாமியைப் பார்க்கலாம். அங்கே கோரல் வே தொடக்கப் பள்ளியில் 1963இல் கியூபாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் பாதி நாள் ஸ்பானிஷிலும் பாதி நாள் ஆங்கிலத்திலும் படித்தார்கள். அங்கே ஸ்பானிஷ் பாடங்களைப் பற்றிய மொழியாக இல்லை, பாடங்களின் மொழியாக இருந்தது. ஸ்பெயினிலேயே கல்வி அமைச்சகமும் பிரிட்டிஷ் கவுன்சிலும் 1996இல் தொடங்கிய இருமொழித் திட்டம், மாத்ரிதில் 2004 முதல் நடக்கும் திட்டம் ஆகியவற்றின் கீழ்ப் பல அரசுப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் நடத்தப்படுகிறது. எலும்புகளின் பெயர் ஆங்கிலத்தில் தெரிகிறது, தாய்மொழியில் தெரியவில்லை என்று அங்கே பெற்றோர் முறையிடுகிறார்கள். அந்த முறையீட்டில் நியாயம் உண்டு. ஆனால் நிலைமையின் கோணலைப் பாருங்கள். மாத்ரித் பிள்ளை ஆங்கிலத்தில் தாவரத்தின் பாகங்களைச் சொல்கிறது. லண்டன் பிள்ளை ஸ்பானிஷில் தாவரவியல் பிடிக்குமா பிடிக்காதா என்று சொல்கிறது.

சரி, உள்ளடக்கம் வேண்டாம், பள்ளியைப் பற்றி அரட்டையாவது அடிக்க முடிகிறதா? அதுவும் இல்லை. ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் பள்ளியைப் பற்றிப் பேசும்போது பெயரடை பரிமாறிக்கொள்வதில்லை. கணக்கு ஸ்பெயினில் வெறும் மாத்தெஸ். மதிப்பெண் வந்ததும் அங்கே கேட்கும் கேள்வி, எத்தனை பாடத்தில் போனது என்பதுதான். மே ஆன் கெதாதோ தோஸ், இரண்டு நின்றுபோச்சு என்று பதில் வரும். பத்துக்கு ஐந்து எடுத்தால் தேர்ச்சி. நோதாப்லே வந்ததா, சோப்ரெசாலியென்தே வந்ததா என்று வீட்டில் கேட்பார்கள். தேர்வில் ஒளித்து வைக்கும் துண்டுச்சீட்டுக்குச் சுலேத்தா என்று பெயர். பாடத்தில் தோற்பதை மெக்சிகோவில் ஒரு வினையால் சொல்வார்கள், பெருவில் இன்னொன்றால், கொலம்பியாவில் ‘பாடத்தை இழந்தேன்’ என்பார்கள். அர்ஜென்டினாவில் ‘பாடத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்’ என்றால் மறுதேர்வு எழுதப் போகிறான் என்று பொருள். சிலேயில் மதிப்பெண் ஒன்றிலிருந்து ஏழு வரைதான். மதிப்பெண், பயம், ஏமாற்று, மறுதேர்வு, ஒரே வகுப்பில் மறுபடி உட்காருவது என்று ஒரு முழு வாழ்க்கை இந்தச் சொற்களில் கிடக்கிறது. நம் அலகில் இதன் வாசனைகூடக் கிடையாது. ஆங்கிலப் பள்ளியின் சீருடையும் ஆங்கிலக் கால அட்டவணையும் ஸ்பானிஷ் சொற்களை உடுத்திக்கொண்டு, அவற்றை முன்பே அறிந்த ஆசிரியரிடமே திரும்பச் சொல்லப்படுகின்றன. ஏற்கனவே பதில் தெரிந்தவருக்குச் சொல்வது பேச்சாகாது. ஒப்பித்தல் என்பதே அதற்குச் சரியான பெயர்.

2024 செப்டம்பரில் வகுப்புக்கு வந்து, 2026 கோடையில் முதல் தேர்வு காணும் புதிய ஜிசிஎஸ்இ இதைச் சரிசெய்யக் கிடைத்த வாய்ப்பு. அடிப்படை நிலைக்கு 1,200 சொற்கள், உயர்நிலைக்கு 1,700 என்று பட்டியல் போட்டார்கள். அதில் குறைந்தது 85 விழுக்காடு மொழியில் அதிகம் புழங்கும் முதல் 2,000 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். உரக்க வாசிப்பு, கேட்டு எழுதுதல் இரண்டும் வந்திருக்கின்றன, நல்லதே. ஆனால் புழக்கக் கணக்கு ஒரு பாடத்தை அடையாளம் காட்டும் சொல்லைத் தள்ளி, எங்கும் ஒட்டும் சொல்லை உள்ளே விடுவதற்காகவே செய்யப்பட்ட சல்லடை. எரிமலையும் முக்கோணமும் அன்றாடப் பேச்சில் எத்தனை முறை வரும்? நல்லது, கெட்டது, எளிது, கடினம் ஆகியவைதான் எப்போதும் வரும். பழைய அலகின் வெறுமைக்கு இப்போது புள்ளிவிவரச் சான்றிதழும் கிடைத்துவிட்டது.

வாரத்துக்குச் சில மணி நேரமும் முப்பது பிள்ளைகளும் என்ற நெருக்கடியில் நிற்கும் ஆசிரியரை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு கணக்கு உறுத்துகிறது. இங்கிலாந்தில் 2004க்குப் பிறகு பதினான்கு வயதுக்கு மேல் அயல்மொழி கட்டாயமில்லை. பலர் அந்த வயதில் ஸ்பானிஷை விட்டுவிடுகிறார்கள். மொழி சலிப்பாக இருந்தது என்று அவர்கள் சொன்னால், அந்தப் பெயரடையைக் கற்றுக்கொடுத்தது நாமே.

தேர்வு வாரியங்களிடம் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. பேச்சுத் தேர்வில் பள்ளி பற்றிப் பிடிக்குமா, ஏன் என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். இந்த வாரம் வேறொரு பாடத்தில் கற்ற ஒன்றை ஸ்பானிஷில் சொல் என்று கேளுங்கள். இரண்டு வாக்கியம் போதும், பிழையோடு வந்தாலும் மதிப்பெண் கொடுங்கள். அதற்கான சொற்களைப் பட்டியலில் சேருங்கள்.