கோபுரம் கேட்காத வைஃபை

திம்புள்ளப் பக்கம் ஏ7 வீதியில் போகிறவர்கள் டெவோன் நீர்வீழ்ச்சியைப் பார்த்ததும் வாகனத்தை நிறுத்திவிடுவார்கள். 97 மீற்றர் உயரத்திலிருந்து, பள்ளத்தாக்குக்கு அப்பால் விழும் அதை அருகிழுத்துக் காட்ட, சூம் லென்ஸ் உள்ள சின்ன டிஜிட்டல் கமெரா இன்றும் நல்ல துணை.

எடுத்த படம் போனுக்கு வந்து சேரும் விதம் அதைவிட அருமை. வைஃபை உள்ள கமெரா தானே ஒரு குட்டி வலையை எழுப்புகிறது. போனில் அதன் பெயரைத் தொட்டு, கமெராத் திரையில் தெரியும் கடவுச்சொல்லை இட்டு, கமெரா நிறுவனத்தின் செயலியைத் திறந்தால் படங்கள் வரிசையாக நிற்கும். இடையில் தொலைபேசிக் கோபுரம் இல்லை, டேட்டாச் செலவும் இல்லை. மலை மறைத்து சிக்னல் அறுந்த லயத்து வாசலிலும் கோயில் திருவிழாப் படம் கைமாறும். 'இணையம் இல்லை' என்று போன் எச்சரித்தாலும் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தால் போதும்.

கமெராவில் வைஃபை புதிதல்ல; 2005இலேயே கொடக் ஈசிஷேர்-வன், நிக்கோன் கூல்பிக்ஸ் பி1 ஆகியவை வைஃபை வசதியோடு வந்தன.

இதே மலையகத்தில், பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் 1879இல் அடக்கம் செய்யப்பட்டவர் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன். இலங்கையில் தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தவர். அவர் கையாண்ட முறையில், கண்ணாடித் தகட்டின் ஈரம் காய்வதற்குள் இருட்டறை வேலையை முடிக்க வேண்டும். இன்று, படத்தில் நின்ற, கொழுந்து பறிக்கும் பெண்ணே அதைத் தன் போனில் அங்கேயே வாங்கிக்கொள்ள முடிகிறது. இந்த மாற்றம்தான் பெரிது.

வைஃபை பற்றரியை வேகமாகக் குடிக்கும்; மலையேறும்போது இன்னொரு பற்றரி பையில் இருக்கட்டும்.