இருவரிவடிவச் சூழலில் வாசிப்பிடரும் கணிப்பொறித் துணைக்கருவிகளும்: கோலார் தங்க வயலை முன்வைத்து

வகுப்பறைக் கருவிகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் கருவி உள்ளதா, இல்லையா என்னும் அளவில் அமைந்துவிடுகின்றனர். அக்கருவி எதனை ஓர் எழுத்தாகக் கொள்கிறது என்று வினவுவார் அரியர். வாசிப்பில் இடர்ப்படும் குழந்தைக்கு இதுவே முதல் வினாவாகும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துள்ளமையால் இவ்வினா கல்வித்துறையையும் சாரும்.

கோலார் தங்க வயலில் 1880இல் ஜான் டெய்லர் குழுமம் பணி தொடங்கிய பின் வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்குப் பல இல்லங்களின் மொழி இன்றும் தமிழே. பள்ளியிலோ 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகும். எனவே தமிழ் பயிலும் குழந்தை இரு வரிவடிவங்களை ஒருங்கே எதிர்கொள்கிறது.

'கொ' என்னும் எழுத்தை நோக்குக. கண்ணுக்கு முதலில் தோன்றுவது கொம்பு. ஒலியிலோ மெய் முன்னும் உயிர் பின்னும் வருகின்றன. ஒருங்குறி, தொல்காப்பிய நூன்மரபு கூறும் இவ்வொலி முறைக்கேற்பவே ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் சேமிக்கிறது (இலக்கணம் கணிப்பொறியில் பிழைத்துக்கொண்டது எனலாம்). ஆயினும் தட்டச்சில் பின்னழிப்பு விசையை அழுத்தினால் கொம்பும் காலும் ஒருசேர மறைந்து 'க' மட்டும் எஞ்சும். கடைசியில் எழுதிய கால் மட்டும் அழியும் என்று எதிர்பார்த்த குழந்தை குழம்புகிறது. கன்னடத்தில் உயிர்க்குறி மெய்க்கு முன் நிற்பதில்லை. அங்குக் கற்ற கண்ணோட்டம் இங்குப் பயன்படுவதில்லை. எழுத்துகளை வண்ணமிட்டுக் காட்டும் மென்பொருள் குறியீட்டு எண்களின்படி பிரிக்குமாயின், உயிர்க்குறி புள்ளி வட்டத்துடன் தனியே நிற்கும். அது தமிழ் எழுத்தே அன்று.

ஒலிப்பிலும் இடர் உண்டு. 'கல்', 'தங்கம்' ஆகியவற்றில் ஒரே ககரம் வேறுவேறாக ஒலிக்கிறது. கன்னடத்தில் இவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. உரையை ஒலியாக்கும் கருவி 'தங்கம்' என்பதை இடம் நோக்கிய விதியால் சரியாக ஒலிக்கலாம். 'காந்தி' என்பதற்கு அவ்விதி உதவாது, சொற்பட்டியல் வேண்டும். ஒரு குழந்தை அச்சொல்லை வல்லொலியுடன் படித்தால் அது குறைபாடா, எழுத்துக்கு உண்மையாய் நின்றதா? இவ்விரண்டையும் பிரித்தறியாத கருவி பிழைகளை எண்ணுவதால் பயனில்லை.

தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கி 2015இல் வெளியிட்ட வாசிப்பிடர் மதிப்பீட்டுக் கருவி முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் அமைந்தது. இந்திய மொழிகளுக்கெனவே அமைந்த அம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் தமிழை இல்லமொழியாகக் கொண்ட குழந்தையைக் கன்னடத்தில் மட்டும் சோதிப்பின், மொழிப் பழக்கக் குறைவும் வாசிப்பிடரும் ஒரே மதிப்பெண்ணாய்த் தோன்றும். இரு மொழிகளிலும் தனித்தனியே சோதித்து, பிழைகளை வரிவடிவ வாரியாகப் பதிவு செய்தல் வேண்டும். உயிர்மெய்யை ஓரலகாகக் கொள்ளும் மென்பொருளே அப்பதிவைச் செய்ய இயலும்.