அந்தக் கட்டையை யாராவது பிடிச்சுக்கக் கூடாதா?

மாசி மாதம் கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பையனின் கைபேசியில் அமெரிக்க 'நிஞ்ஜா வாரியர்' தடை ஓட்டப் போட்டி ஓடியது. தண்ணீருக்கு மேலே ஓர் உருளைக் கட்டை; கால் வைத்ததும் சுழலும். வந்தவர்கள் வரிசையாகத் தண்ணீரில் விழுந்தார்கள். பகலெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் ஏறி மிளகு பறித்துவிட்டு வந்திருந்த பையனின் அப்பா, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஏங்க, அந்தக் கட்டைய யாராச்சும் புடிச்சுக்கக் கூடாதா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறும்போது கீழே ஒருவர் அடியை மிதித்துக்கொண்டு நிற்பார். ஏணியின் தலையை மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். ஆடுகிற பொருளை ஆடாமல் நிறுத்துவது அவர் பிழைப்பு. சும்மா கிடக்கும் கட்டையை ஆட வைக்கக் காசு செலவழிப்பது தொலைக்காட்சியின் பிழைப்பு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி முடியும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

('இந்த மலைக்காரர்கள்தான் உண்மையான நிஞ்ஜாக்கள்' என்று எழுதிவிட இங்கே கை துறுதுறுக்கும். எழுதப் போவதில்லை. அவரே ஏறினாலும் அந்தக் கட்டை அவரைக் கவிழ்த்துவிடலாம்.)

அந்தக் கட்டையைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டிகளில் பெரும்பாலான தடைகள் தோளையும் கைப்பிடியையும் கேட்பவை. தொங்க வேண்டும், தாவ வேண்டும், உடம்பை மேலே இழுக்க வேண்டும். கடைசியில் நிற்கும் வளைந்த சுவர் சுமார் 14 அடி; நெட்டையாகப் பிறந்தவருக்கு அதில் பாதி வேலை பிறக்கும்போதே முடிந்துவிட்டது. 2014இல் ஐந்தடி உயரமே உள்ள கேசி கடன்சாரோ அதை ஏறியபோது அமெரிக்காவே கொண்டாடியது. கொண்டாட வேண்டியிருந்ததே அந்தச் சுவர் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது. உருளைக் கட்டை போன்ற பேலன்ஸ் தடை அப்படிப்பட்டதல்ல. அங்கே உள்காதும் கண்ணும் பாதமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. புஜத்துக்கு அதிக வேலையில்லை. குட்டையானவரின் எடை தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர் கை கொஞ்சம் ஓங்கியே இருக்கும். ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கக்கூடிய இடம் அது. பார்க்கிறவருக்கும் அது அந்நியமில்லை. வயல் வரப்பில் ஒருமுறை சறுக்கியவருக்குக்கூட, திரையில் ஒருவர் தள்ளாடும்போது தன் கால் கட்டைவிரல் தானாக மடங்கும்.

நிஞ்ஜா வகைப் போட்டிகளுக்கெல்லாம் மூத்ததான ஜப்பானின் 'சசுக்கே' 1997இல் தொடங்கியது. அதை முதன்முதலில் முழுதாக முடித்தவர், 1999இல், அகியாமா. நண்டு பிடிக்கும் தொழிலில் இருந்தவர். 2006இல் முடித்த நகானோ மீன்பிடிப் படகின் தலைவர். ஆடும் படகில் நின்று பழகிய கால்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. முழுக் காரணம் அதுவாக இருக்காது. ஆனால் பொருத்தம் பிடித்திருக்கிறது.

குறை தொடங்கும் இடமும் இந்தப் பழக்கம்தான். சமநிலை என்று பொதுவாக ஒரு சரக்கு உடம்பில் கிடையாது. அந்தந்தப் பொருளோடு பழகிப் பழகி வருவது அது. ஏணியில் தேர்ந்தவருக்கு ஏணி தெரியும். சைக்கிளில் தேர்ந்தவருக்குச் சைக்கிள் தெரியும். இந்தப் போட்டிகளிலோ தடையைப் பார்க்கலாம், தொட்டுப் பழக முடியாது. ஒரே வாய்ப்பு, விழுந்தால் அந்த ஓட்டம் அவ்வளவுதான். முதலில் ஓடுகிறவர் கட்டையின் குணம் தெரியாமல் கால் வைக்கிறார். இருபதாவது ஆள் பத்தொன்பது பேர் விழுந்ததைப் பார்த்துப் பாடம் படித்துவிட்டு வருகிறார். இருவரையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுகிறோம்.

இதைவிட வேடிக்கை, தேர்ந்தவர்கள் அங்கே செய்வது. அவர்கள் நிதானிப்பதே இல்லை. நான்கு எட்டில் ஓடிவிடுகிறார்கள். நடுவிலிருந்து சற்று விலகி விழும் பாதம் கட்டையைத் திருப்பத் தொடங்குகிறது. எவ்வளவு நேரம் மிதிக்கிறோமோ அவ்வளவுக்குச் சுழற்சி ஏறும். கட்டை விழித்துக்கொள்வதற்குள் அக்கரை சேர்வதே தந்திரம். ஆக, சமநிலைத் தடை என்று பெயர் வைத்துவிட்டு, சமநிலை தேவைப்படும் நேரத்தைக் குறைப்பவருக்கே பரிசு கொடுக்கிறார்கள். நின்று சமாளிக்கப் பார்த்தவர் தண்ணீரில் கிடக்கிறார்.

'டகேஷிஸ் காஸில்' (1986–1990) மீது எனக்கு இந்தப் புகார் இல்லை. போகோ சேனலில் ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனையோடு வந்ததை, இந்தி தெரியாமலே பார்த்துச் சிரித்த தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். குளத்தில் கற்கள் கிடக்கும். சில ஊன்றியவை, சில மிதப்பவை. பார்வைக்கு எல்லாம் ஒன்று. அது சுத்தமான அதிர்ஷ்டம், அதை மறைக்கவும் இல்லை. 2011இல் ஷாருக் கான் நடத்திய 'ஸோர் கா ஜட்கா'வும், அதன் மூலமான அமெரிக்க 'வைப்அவுட்'டும் அதே கூட்டம்: விழுவதைப் பார், சிரி. என் சங்கடம், கோமாளிக் கருவியை வைத்துக்கொண்டு விளையாட்டு வீரத்தின் மொழியில் பேசுவதோடுதான்.

நிற்பதையே போட்டியாக்கியது 'சர்வைவர்'. 2000இல் அமெரிக்க முதல் பருவத்தின் கடைசிச் சவால், கட்டை மேல் நின்று ஒரு சிலையில் கை வைத்திருப்பது. கெல்லி வென்றார். ரிச்சர்ட் ஹேட்ச் தானாகவே இறங்கிவிட்டார். தான் ஜெயிப்பதைவிட இறங்குவது லாபம் என்று கணக்குப் போட்டவர். பத்து லட்சம் டாலர் அவருக்கே போனது. நம் பக்கம் 2021இல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்த, சான்சிபாரில் எடுக்கப்பட்ட 'சர்வைவர்' வந்தது, விஜயலட்சுமி வென்றார். அணிகளுக்குக் காடர்கள், வேடர்கள் என்று பெயர். ஆனைமலையில் காடர் என்றே ஒரு பழங்குடி இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் அதை நினைத்தார்களோ என்னவோ. கொல்லிமலைத் திண்ணையை நினைத்துப் பார்க்கும்போது இது கொஞ்சம் உறுத்துகிறது. இந்த வகைப் போட்டிகளில் எடிட்டிங் மேசை வேறொரு அநியாயம் செய்கிறது: மணிக்கணக்கில் நின்றது நிமிடங்களாகச் சுருங்கும், விழுந்தது மட்டும் ஸ்லோமோஷனில் திரும்பத் திரும்ப வரும்.

நம் உறியடித் திருவிழாவின் வழுக்குமரத்தை இதோடு வைத்துப் பார்க்கிறேன். அதுவும் விழ வைக்கும் கருவிதான். எண்ணெய் தடவுகிறார்கள், ஏறுகிறவன் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். ஆனால் கெடுப்பவர் கண்ணெதிரே நிற்கிறார், ஒளிந்திருக்கும் பொறி ஏதுமில்லை. சறுக்கினால் மறுபடி ஏறலாம். பல ஊர்களில் ஒருவன் தோள்மேல் இன்னொருவன் ஏறித்தான் உச்சியைத் தொடுகிறான். மிளகுக்காரர் கேட்டாரே, யாராவது பிடிக்கக் கூடாதா என்று, அங்கே பிடிக்கலாம்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றம் போய், நிஞ்ஜா பாணித் தடை ஓட்டம் வருகிறது. குலுக்கலில் கிடைத்த குதிரை டோக்கியோ ஒலிம்பிக்கில் முரண்டு பிடித்து, முன்னணியில் இருந்த வீராங்கனையின் பதக்கக் கனவு கலைந்ததும், பயிற்சியாளர் ஒருவர் அந்தக் குதிரையைக் குத்தியதும் உலகம் பார்த்த காட்சிகள். புதிய ஏற்பாட்டில் தடைகள் முன்கூட்டியே தெரிந்தவை. இருவர் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் ஓடுவார்கள். வருடக்கணக்கில் பழகிவிட்டு வரலாம். நன்றாகப் பழகியவர் அதிகம் விழமாட்டார். தொலைக்காட்சிக்கு அது சப்பென்று இருக்கும். எனக்கு அந்தச் சப்பே போதும். தொலைக்காட்சிக்கு அது முடியாதென்றால் ஆளுக்கு இரண்டு வாய்ப்பாவது கொடுங்கள், அதில் நல்லதைக் கணக்கில் வையுங்கள்; நீளம் தாண்டுகிறவருக்குக்கூட மூன்று முறையாவது கொடுக்கிறோம்.