சிப்கோ இயக்கத்தில் வழிபாடும் செயல்திட்டமும்: ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

இயற்கையைத் தெய்வமாகப் போற்றும் மனநிலை, சூழல் காப்புச் செயலாக மாறுவது எங்ஙனம் என்னும் வினா சூழலியல் திறனாய்வில் அடிப்படையானது. பற்று இருப்பின் செயல் தானே தொடரும் என்பார் ஒருசாரார். வாழ்வுத் தேவையே செயலுக்குக் காரணம். வழிபாடு அதன் மேற்போர்வை மட்டுமே என்பார் மற்றொரு சாரார். இமயமலையின் கார்வால் பகுதியில் 1973ஆம் ஆண்டு தோன்றிய சிப்கோ இயக்கத்தையும் அதனை விளக்க எழுந்த நூல்களையும் சான்றாகக் கொண்டு இவ்விரு கருத்துகளையும் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

இயக்கத்தின் பின்புலம்

1964இல் சண்டி பிரசாத் பட்டும் அவர்தம் தோழர்களும் கோபேசுவரில் தசோலி கிராம சுயராச்சிய சங்கத்தை நிறுவினர். 1970ஆம் ஆண்டு அலகநந்தாவில் ஏற்பட்ட பெருவெள்ளம், மலைச்சரிவில் காடழிந்ததன் விளைவை அவர்களுக்கு உணர்த்தியது. 1973இல் வேளாண் கருவிகள் செய்ய இச்சங்கம் வேண்டிய அங்கூ மரங்கள் மறுக்கப்பட்டு, விளையாட்டுப் பொருள்கள் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டன. மரங்களைத் தழுவிக் காப்பது என்னும் முடிவு இச்சூழலில் பிறந்தது. 1974 மார்ச் 26 அன்று, ஆடவர் ஊரில் இல்லாத வேளையில் மரம்வெட்ட வந்தோரை ரேணி சிற்றூரில் கௌரா தேவி தலைமையில் 27 பெண்கள் தடுத்து நிறுத்தினர். 1977இல் அத்வானி என்னும் ஊரின் காட்டில் பெண்கள் மரங்களுக்கு ராக்கி கட்டினர். பழைய சமய நூல்களைப் படித்துப் பொருள் கூறும் நிகழ்ச்சிகளும் அங்கு நடந்தன.

இருவகை வாசிப்புகள்

வந்தனா சிவா 1988இல் வெளியிட்ட நூல், இயற்கையைப் பிரகிருதி என்னும் பெண்மை ஆற்றலாகக் கண்டு, மலைநாட்டுப் பெண்களின் போராட்டத்தை அவ்வுணர்வின் வெளிப்பாடாக விளக்குகிறது. 1989இல் வெளிவந்த இராமச்சந்திர குகாவின் நூலோ, காலனிய ஆட்சிக் காலந்தொட்டுக் காட்டுரிமைக்காக நிகழ்ந்த உழவர் போராட்டங்களின் தொடர்ச்சியாகச் சிப்கோவைக் காண்கிறது. பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையில், பெண்ணுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு பிறப்பால் அமைவதன்று, வேலைப் பகிர்வாலும் உடைமையாலும் அமைவது என மறுத்துரைக்கிறார்.

இவற்றுள் முதல் விளக்கம் ஏற்புடையதா என்பதைச் சோதிக்க டோங்ரி பைந்தோலி நிகழ்வு துணைபுரிகிறது. 1980இல் அங்கு அரசின் உருளைக்கிழங்குப் பண்ணைக்காகக் கருவாலிக் காட்டை விட்டுக்கொடுக்க ஊரின் ஆடவர் இசைந்தனர். பெண்கள் எதிர்த்து நின்று அக்காட்டைக் காத்தனர். இரு பாலாரும் வணங்கிய தெய்வங்கள் ஒன்றே. எனவே வழிபாட்டுணர்வு மட்டுமே காரணமாயின் இப்பிளவு தோன்றியிராது. தீவனமும் விறகும் நாள்தோறும் சுமந்து வந்தவர்கள் பெண்களே என்பதே வேறுபாட்டிற்குக் காரணம்.

ஆயினும் இதனைக் கொண்டு வழிபாட்டைப் போர்வை என ஒதுக்கிவிடவும் இயலாது. விறகின் தேவை கோடரியின் எதிரே ஒருவரை நிறுத்தக்கூடும். மரத்தை உடன்பிறப்பாக ஏற்று அதற்குக் காப்புக்கயிறு கட்டுவதை அத்தேவை மட்டும் விளக்காது.

தெய்வமும் தொழிலும்

இவ்விடத்தில் தமிழ்த் திணைக் கோட்பாடு தெளிவு தருகிறது. தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைக்கிறது. தெய்வம் அவ்வரிசைக்கு வெளியே நிற்பதன்று. தொழில் அதற்குத் தாழ்ந்ததுமன்று. நிலத்தை வணங்குதலும் நிலத்தில் உழைத்தலும் ஒரே வாழ்வின் உறுப்புகள் என்னும் இப்பார்வையில், மேற்கண்ட இரு வாசிப்புகளும் ஒரு முழுமையைக் கூறுபடுத்திக் கண்டவையே எனலாம்.

நோன்பும் திட்டமும்

தனிமனிதரின் பற்று செயலாக மாறும் இடம் நோன்பு. அது காலவரையறை உடையது. தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வது. பிறர் அறிய மேற்கொள்ளப்படுவது. இம்மூன்றும் ஒரு செயல்திட்டத்தின் இலக்கணங்களும் ஆகும். சுந்தர்லால் பகுகுணா 1981 முதல் 1983 வரை காசுமீரிலிருந்து கோகிமா வரை மேற்கொண்ட நடைப்பயணம் இத்தகையது. நாளும் நடத்தல், ஊர்தோறும் பேசுதல், அடுத்த ஊரை நோக்குதல் என அவரது பற்று ஓர் ஒழுங்கினுள் அமைந்தது.

எனினும் தனிமனித நோன்புக்கு எல்லையுண்டு. டெகிரி அணையை எதிர்த்து அவர் 1990களில் 45 நாள், 74 நாள் என நீண்ட உண்ணாநோன்புகள் மேற்கொண்டார். அரசு மறு ஆய்வுக்கு இசைந்ததே அன்றி அணை நிற்கவில்லை. 2006இல் அங்கு மின்னுற்பத்தி தொடங்கியது. சண்டி பிரசாத் பட் மேற்கொண்ட வழி வேறு. ஆண்டுதோறும் முகாம் அமைத்தல், மரக்கன்று நடுதல், நட்டதைக் காக்கும் பொறுப்பை ஊர்ப் பெண்களிடம் ஒப்படைத்தல் என அவர் பற்றைப் பலரது நாட்கடமையாகப் பகிர்ந்தளித்தார். முன்னது நாட்டின் மனச்சான்றைத் தொட்டது. பின்னது மலைச்சரிவில் மரமாக நின்றது. ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்துதல் வேண்டா. ஆயினும் ஒருவரது உடலில் முடியும் நோன்பு அவ்வுடலோடு தளர்கிறது. பலரது வேலையாகப் பகிரப்பட்ட நோன்பு தொடர்கிறது என்னும் வேறுபாடு கருதத்தக்கது. ரேணியில் பெண்கள் எழுந்தபோதும் அவர்களிடம் மகளிர் மங்கள் தளம் என்னும் அமைப்பு முன்னரே இருந்தது என்பதை இங்கு நினைத்தல் தகும்.

முடிவுரை

சிப்கோவை வெறும் ஆன்மிக எழுச்சியாக எழுதும்போது இழப்பு இருவகையில் நேர்கிறது. விறகு சுமந்த பெண்களின் உழைப்பும் முன்னேற்பாடும் வரலாற்றிலிருந்து மறைகின்றன. அதனைப் படித்துச் செயலில் இறங்க விரும்புவோர்க்குக் கால அட்டவணையற்ற ஒரு வழிபாடே எஞ்சுகிறது. 2021 பிப்ரவரி 7 அன்று ரிசிகங்கைப் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட பெருவெள்ளம் ரேணியையும் தாக்கியது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போயினர். அவ்வூரைப் புனிதத் தலமாகப் போற்றிய எழுத்துகள் பல. அதன் மலையையும் ஆற்றையும் ஆண்டுதோறும் காக்க யார் என்ன செய்வது என எழுதியவை சிலவே. சூழலியல் திறனாய்வு இனி ஒரு படைப்பிலோ இயக்கத்திலோ இயற்கைப் பற்று உளதா என்று மட்டும் வினவுதல் போதாது. அப்பற்று யாருடைய எந்நாள் வேலையாக மாறியது என்றும் வினவுதல் வேண்டும்.